பாசம் வைத்தால் பேட்டரி வீங்கும்!

நம் ஊரில் மூன்று சமாசாரங்கள் கேட்காமலே இலவசமாகக் கிடைக்கும். ஜலதோஷத்துக்கு மருந்து, இந்திய கிரிக்கெட் டீமுக்குப் பதினோரு பேர், டேப்லெட் பேட்டரி நீடித்து உழைக்க யோசனை. முதல் இரண்டை யாரும் பொருட்படுத்துவதில்லை. அதனால் ஆபத்தும் இல்லை. மூன்றாவதை மட்டும் ஜனங்கள் ஏதோ ஜோசியர் சொன்ன பரிகாரம் மாதிரி சிரத்தையாகக் கடைப்பிடிக்கிறார்கள். அங்கேதான் வம்பு.

(டேப்லெட் என்றதும் மெடிக்கல் ஷாப் ஞாபகம் வருகிறவர்கள் கொஞ்சம் பொறுக்க. நான் சொல்வது மாத்திரையை அல்ல. ஸ்லேட்டுப் பலகை சைஸில் எல்லார் வீட்டிலும் குழந்தைகள் பிடித்து இழுத்துச் சண்டை போடுகிற கண்ணாடிச் சாமானை.)

சமீபத்தில் ஒரு டேப்லெட் வாங்கி, ஆபீஸுக்கு எடுத்துப் போனேன். லன்ச் ரூமில் டப்பாவைத் திறப்பதற்குள் சூழ்ந்துகொண்டார்கள்.

“வாங்கினதும் எட்டு மணி நேரம் விடாம சார்ஜ் போட்டீங்களா?” என்றார் அக்கவுன்ட்ஸ்காரர்.

“இல்லையே.”

“போச்சு! அஸ்திவாரமே ஆட்டம்!”

“அதை விடுங்க சார். தினம் ஜீரோ வரைக்கும் இறக்கிட்டுத்தான் மறுபடி ஏத்தணும். பசிச்சப்புறம் சாப்பிடற மாதிரி.” இது டெஸ்பாட்ச்.

“ராத்திரி பூரா சார்ஜ்ல விட்டா டமார்தான். எங்க மச்சான் ஃப்ரெண்டோட ஃப்ரெண்டுக்கு ஆயிருக்கு.” இது டைப்பிங் செக்‌ஷனில் பழைய ஆள்.

“நான் மூணு நிமிஷத்துக்கு ஒருதரம் எல்லா ஆப்பையும் மேலே தள்ளித் தள்ளி மூடிடுவேன்” என்றார் புதிதாக டிரான்ஸ்ஃபரில் வந்த இளைஞர். சொல்லிக்கொண்டே, கொசுவை ஓட்டுகிற வேகத்தில் ஆள்காட்டி விரலை ஆட்டியும் காட்டினார்.

நாலு பேரும் நல்லவர்கள். நாலு யோசனையும் தப்பு. ஏன் தப்பு என்று சொல்வதற்கு முன்னால் ஒரு விஷயத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பேட்டரி ‘நீடிக்க வேண்டும்’ என்று நாம் சொல்லும்போது இரண்டு வேறு ஆசைகளை ஒரே மூச்சில் சொல்கிறோம். காலையில் நூறு சதவிகிதத்தில் எடுத்தது ராத்திரி வரை தாங்க வேண்டும் என்பது ஒன்று. இந்த வருஷம் வாங்கின சாமான் நாலு வருஷம் கழித்தும் இப்படியே தாங்க வேண்டும் என்பது இன்னொன்று. முன்னது கைச்செலவு, பின்னது பி.எஃப். பணம். கைச்செலவைக் குறைக்கிற வழி வேறு, பி.எஃப். கரையாமல் காக்கிற வழி வேறு. இரண்டையும் குழப்புகிறவர்கள்தான் கடைசியில் ரெண்டும் இல்லாமல் நிற்கிறார்கள்.

★

முதலில் கைச்செலவு.

டேப்லெட்டுக்குள் கரன்ட்டைச் சாப்பிடுகிறவர்களில் முதல் பந்தியில் உட்காருகிற ஆசாமி ஸ்க்ரீன். மற்றவர்கள் எல்லாம் மிச்சத்தைத்தான் பங்கு போடுகிறார்கள். இதற்கு ஒரு பழைய சாட்சி. 2010-ல் வந்த முதல் ஐபேடில் இருந்த பேட்டரி சுமார் 25 வாட்-ஹவர். பத்து மணி நேரம் ஓடும் என்றார்கள். 2012-ல் வந்த மூன்றாவது ஐபேடில் 42.5 வாட்-ஹவர். அதுவும் பத்து மணி நேரம்தான்! பேட்டரி முக்கால்வாசி பெருத்தும் நேரம் ஒரு நிமிஷம்கூடக் கூடவில்லை. கூடின பவரெல்லாம் எங்கே போயிற்று? பெரும் பங்கு ஸ்க்ரீனுக்கு. 1024-க்கு 768 புள்ளிகள் இருந்த இடத்தில் 2048-க்கு 1536 என்று நாலு மடங்கு புள்ளிகளை நெருக்கி அடைத்தார்கள். அத்தனை நெரிசலுக்கு நடுவே வெளிச்சம் வெளியே வர வேண்டுமானால் பின்னாலிருந்து பலமாக விளக்கு அடிக்க வேண்டும். சம்பளம் கூடினதும் வாடகையும் கூடுகிற வீட்டுக் கணக்கு!

ஆகவே டேப்லெட் ஒரு நாள் முழுக்கத் தாங்க வேண்டுமானால் முதல் வேலை, பிரைட்னஸைக் குறைப்பது. வீட்டுக்குள், ஆபீஸுக்குள் பாதிக்கும் கீழேயே தாராளமாகப் படிக்க முடியும். தானாகக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் ‘ஆட்டோ’ வசதி இருந்தால் அதை ஆன் செய்துவிட்டு மறந்துவிடலாம். நீங்கள் காபி போடப் போன நேரத்தில் ஸ்க்ரீன் பத்து நிமிஷம் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அரை நிமிஷத்தில் தூங்கிவிடும்படி வையுங்கள்.

“அப்ப டார்க் மோடு போட்டுட்டா போதுமே சார், எல்லாம் கறுப்பாயிடும், கரன்ட் மிச்சம்” என்று ஒரு கட்சி உண்டு. இதில் பாதி உண்மை. ஓலெட் ஸ்க்ரீனில் ஒவ்வொரு புள்ளியும் தனி விளக்கு. கறுப்பு என்றால் அந்த விளக்கு அணைந்துவிடும், மிச்சம் பிடிக்கலாம். ஆனால் விலை குறைந்த டேப்லெட்களில் பெரும்பாலும் எல்.சி.டி. ஸ்க்ரீன். அதில் பின்னாலே ஒரு விளக்கு சதா எரிந்துகொண்டே இருக்கும். கறுப்பு என்பது அந்த வெளிச்சத்தை மறைப்பது மட்டும்தான். அறைக்குள் ட்யூப்லைட்டை எரியவிட்டு ஜன்னலைச் சாத்துவது போல. தெருவில் போகிறவனுக்கு இருட்டு, மீட்டருக்கு இல்லை. கண்ணுக்கு இதமாக இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். கரன்ட் மிச்சம் என்று ஏமாறாதீர்கள்.

இரண்டாவது ஆசாமி சிக்னல். சிம் போட்ட டேப்லெட்டை ரயிலில் எடுத்துப் போகிறவர்கள் கவனித்திருப்பார்கள். எழும்பூரில் ஏறும்போது தொண்ணூறு, திருச்சி வருவதற்குள் முப்பது. இத்தனைக்கும் ஒரே ஒரு படம்தான் பார்த்திருப்பார். காரணம் இதுதான். விழுப்புரம் தாண்டி வயல்வெளியில் டவர் எட்டிப் போகப் போக, டேப்லெட் தன் குரலை உயர்த்தி “ஹலோ.. ஹலோ.. கேக்குதா?” என்று கத்த ஆரம்பிக்கும். தூரத்தில் இருக்கிறவரைக் கூப்பிட நாம் தொண்டையைக் கிழித்துக்கொள்வது மாதிரி. கத்துவதற்குத் தெம்பு வேண்டும். தெம்பு பேட்டரியிலிருந்து வர வேண்டும். படத்தை வீட்டிலேயே வை-ஃபையில் இறக்கி வைத்துக்கொண்டு, ரயிலில் ஏரோப்ளேன் மோடில் போட்டுப் பாருங்கள். ஊர் வந்து சேர்ந்த பிறகும் ஆட்டோக்காரருக்கு வழி காட்டுகிற அளவுக்கு சார்ஜ் மிச்சமிருக்கும்.

இப்போது அந்த டிரான்ஸ்ஃபர் இளைஞரின் விரல் விவகாரம். ஆப்களைத் தள்ளித் தள்ளி மூடினால் பேட்டரி மிச்சமாகுமா என்று 2016-ல் ஒரு வாசகர் ஆப்பிள் தலைமைக்கே கடிதம் போட்டுக் கேட்டார். அங்கே ஸாஃப்ட்வேருக்குப் பொறுப்பான கிரெய்க் ஃபெடரிகி பதில் எழுதினார். தானும் அப்படி மூடுவதில்லை, பேட்டரிக்கும் அது தேவையில்லை என்று. ஆண்ட்ராய்டு பக்கத்தில் ஹிரோஷி லாக்ஹைமரும் அதையே ஆமோதித்தார். எலியும் பூனையுமான இரண்டு கட்சிகள் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனால் அதில் ஏதோ உண்மை இருக்க வேண்டும் அல்லவா?

விஷயம் இதுதான். நீங்கள் விட்டு வந்த ஆப் பெரும்பாலும் உறைந்த நிலையில் சும்மா கிடக்கிறது, சாப்பாடு கேட்பதில்லை. அதைக் கொன்றுவிட்டு ஐந்து நிமிஷத்தில் மறுபடி திறந்தால், முதலிலிருந்து எல்லாவற்றையும் எழுப்ப வேண்டும். டீ குடிக்கப் போகும்போதெல்லாம் கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்துவிட்டுப் போகிற குமாஸ்தாவை நினைத்துப் பாருங்கள். மூடுவதற்கும் திறப்பதற்குமே பொழுது சரியாகிவிடும். நிஜமாகவே திருட்டுத்தனமாகத் தின்கிற ஆப் ஒன்றிரண்டு இருக்கும். செட்டிங்ஸில் பேட்டரி என்ற பக்கத்துக்குப் போனால் யார் எத்தனை சதவிகிதம் சாப்பிட்டார் என்று ஹோட்டல் பில் மாதிரி போட்டிருக்கும். அந்த ஒருத்தரை மட்டும் கவனித்தால் போதும். ஊரையே தண்டிக்க வேண்டாம்.

★

இனி பி.எஃப். பணம்.

உங்கள் டேப்லெட்டில் இருப்பது லித்தியம் அயான் பேட்டரி. 1970-களில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் பிள்ளையார் சுழி போட்டார். 1980-ல் ஜான் குட்இனஃப் அதற்குக் கோபால்ட் ஆக்ஸைடைச் சேர்த்து வலுவாக்கினார். 1985-ல் ஜப்பானில் அகிரா யோஷினோ பத்திரமாகப் பயன்படுத்தும்படி ஆக்கினார். 1991-ல் ஸோனி கடைக்குக் கொண்டுவந்தது. மூன்று பேருக்குமாக 2019-ல் கெமிஸ்ட்ரி நோபல் பரிசு. அப்போது குட்இனஃபுக்கு வயது 97. நோபல் வாங்கினவர்களிலேயே மூத்தவர். நூறு வயதில், 2023-ல்தான் காலமானார். தன் பேட்டரியைவிடத் தான் நன்றாக உழைத்த மனிதர்.

அதற்கு முன்னால் இருந்தது நிக்கல் காட்மியம் பேட்டரி. அதற்கு ஒரு வியாதி. தினம் பாதியிலேயே சார்ஜ் போட்டால், “ஓஹோ, நம் கொள்ளளவே இவ்வளவுதான் போலிருக்கிறது” என்று அது மனப்பாடம் செய்துகொண்டுவிடும். அதனால்தான் ‘முழுக்க இறக்கிவிட்டு ஏற்று’ என்றார்கள். ‘முதல் நாள் பல மணி நேரம் போடு’ என்பதும் அந்தக் காலத்து ஏற்பாடுதான். லித்தியத்துக்கு அந்த ஞாபக வியாதி கிடையாது. பேட்டரி மாறி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, யோசனை மட்டும் ரிடையர் ஆகாமல் எக்ஸ்டென்ஷனில் ஓடிக்கொண்டிருக்கிறது.

உள்ளே நடப்பது தாம்பரம் – பீச் எலெக்ட்ரிக் ட்ரெயின் சமாசாரம். ஒரு பக்கம் கிராஃபைட். அதைத் தாம்பரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறு பக்கம் கோபால்ட் ஆக்ஸைட் போன்ற சரக்கு, அது பீச். லித்தியம் அயான்கள்தான் பயணிகள். நீங்கள் டேப்லெட்டை உபயோகிக்கும்போது அவை தாம்பரத்திலிருந்து பீச்சுக்குப் போகின்றன. எலெக்ட்ரான்களுக்கு இந்த ரயிலில் டிக்கெட் கிடையாது. அவை வெளியே ஒயர் வழியாக பஸ்ஸில் வருகின்றன. வருகிற வழியில் ஸ்க்ரீனை எரியவைத்து, பாட்டுப் பாடவைத்து, நமக்கு வேலை செய்துவிட்டுப் போகின்றன. சார்ஜ் போடுவது என்பது சாயந்திர ட்ரிப். எல்லாரையும் பிடித்துத் தள்ளி மறுபடி தாம்பரத்தில் சேர்ப்பது.

இதில் சங்கடம் என்ன என்றால், ஒவ்வொரு ட்ரிப்பிலும் ஒன்றிரண்டு பயணிகள் தாம்பரம் ஸ்டேஷன் வாசலிலேயே தங்கிவிடுகிறார்கள். கிராஃபைட் மேல் மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டு, மறுநாள் வேலைக்கு வர மாட்டேன் என்கிறார்கள். பயணி குறையக் குறைய பேட்டரியின் கொள்ளளவு குறைகிறது. இதற்குத்தான் முதுமை என்று பெயர். யாராலும் நிறுத்த முடியாது. ஆனால் தள்ளிப்போடலாம்.

‘ட்ரிப்’ கணக்கைப் பலர் தப்பாகப் போடுகிறார்கள். சார்ஜர் செருகின தடவையெல்லாம் ஒரு ட்ரிப் என்று பயந்து, ஐந்து சதவிகிதம் வரும் வரை காத்திருக்கிறார்கள். இது கேஷுவல் லீவ் மாதிரி. அரை நாள் லீவ் இரண்டு தடவை எடுத்தால்தான் ஒரு சி.எல். கழியும். இன்றைக்கு ஐம்பது சதவிகிதம், நாளைக்கு ஐம்பது சதவிகிதம் என்று ஏற்றினால் ஒரு சைக்கிள். அவ்வளவுதான். ஐபேட் பேட்டரி இப்படி ஆயிரம் முழு சைக்கிளுக்குப் பிறகும் 80 சதவிகிதக் கொள்ளளவை வைத்திருக்கும்படி அமைக்கப்பட்டது என்கிறது ஆப்பிள். தினம் அரை சைக்கிள் என்று பார்த்தால் ஐந்து வருஷத்துக்கு மேல். ஆக, உபயோகித்தே பேட்டரியைக் கொல்வதற்கு நிறையப் பொறுமை வேண்டும்.

பின்னே சீக்கிரமாகக் கொல்வது எது? இரண்டு எதிரிகள். சூடு, வயிறு முட்ட நிறைவு.

ஆறு மணி ட்ரெயினில் கடைசி பத்துப் பேரை ஏற்றுவதுதான் கஷ்டம் இல்லையா? பெட்டி பிதுங்கும், சட்டைப் பட்டன் தெறிக்கும். பேட்டரியிலும் கடைசி இருபது சதவிகிதம் அப்படித்தான். வோல்டேஜ் உச்சத்தில் நிற்கும்போது உள்ளே இருக்கிற திரவம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைகிறது. சூடு சேர்ந்துகொண்டால் சிதைவு இன்னும் வேகமாகிறது. சும்மா அலமாரியில் கிடந்தாலே என்ன ஆகும் என்று பேட்டரிக்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 25 டிகிரியில் 40 சதவிகித சார்ஜில் ஒரு வருஷம் வைத்தால், சுமார் 96 சதவிகிதக் கொள்ளளவு மிஞ்சும். அதே 25 டிகிரியில் முழு சார்ஜில் வைத்தால் 80. நாற்பது டிகிரியில், 40 சதவிகித சார்ஜில் 85. நாற்பது டிகிரியில் முழு சார்ஜில்..? 65! தொடாமல், ஒரு படம் பார்க்காமல், ஒரு ஹலோ சொல்லாமல், மூன்றில் ஒரு பங்கு ஸ்வாஹா.

ஐபேடுக்கு உகந்த சீதோஷ்ணம் 16 முதல் 22 டிகிரி என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். 35 டிகிரிக்கு மேல் போனால் பேட்டரிக்கு நிரந்தரச் சேதம் வரலாமாம். 16-லிருந்து 22! இதன்படி டேப்லெட் வாங்குகிறவர் ஊட்டியில் ஒரு போர்ஷன் வாடகைக்குப் பார்க்க வேண்டும். மே மாதத்துச் சென்னையில் நிழலிலேயே நாற்பது. டேப்லெட்டுக்கு மட்டுமா, நமக்கே உகந்த சீதோஷ்ணம் இல்லை. ஆனால் நாம் மோர் குடிப்போம். அது பாவம் என்ன செய்யும்?

★

இந்த இரண்டு எதிரிகளும் ஒரே வீட்டில் கூட்டுச் சேர்ந்த கதையை நேரில் பார்த்தேன்.

எங்கள் மாடி போர்ஷனில் ரிடையர்டு ஹெட்மாஸ்டர் ஒருவர். கனடாவில் இருக்கும் மகள் வாங்கி அனுப்பிய டேப்லெட். ஞாயிற்றுக்கிழமை காலை பேத்தி அதில் வருவாள். அந்த அரை மணி நேரத்துக்காக மற்ற ஆறு நாளும் அவர் அதைத் தொட மாட்டார். யாரையும் தொட விடவும் மாட்டார். வெல்வெட் உறை தைத்துப் போட்டு, ஃப்ரிஜ் தலைமேல், மேற்கு ஜன்னல் ஓரமாக, இருபத்துநாலு மணி நேரமும் சார்ஜரில் செருகி வைத்திருந்தார். “ஞாயித்துக்கிழமை குழந்தை கூப்பிடறப்ப சார்ஜ் இல்லாமப் போயிடக் கூடாது பாருங்க தம்பி.”

ஒன்றரை வருஷம் இப்படி. நூறு சதவிகிதம், மேற்கு வெயில், ஃப்ரிஜ் சூடு, மேலே வெல்வெட் கம்பளி. ஒரு சனிக்கிழமை ராத்திரி கையில் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார்.

“தம்பி.. இது ஏதோ பூரி மாதிரி உப்பியிருக்கு.”

ஸ்க்ரீன் ஒரு ஓரத்தில் ஃப்ரேமை விட்டுப் பிளந்து எழும்பியிருந்தது. உள்ளே சிதைந்த திரவம் வாயுவாகி பேட்டரிப் பையை வீங்க வைத்திருக்கிறது. கழற்றி அணைத்து, துணி மரம் எதுவும் பக்கத்தில் இல்லாமல் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவருக்குக் கீழே சிமென்ட் தரையில் வைத்தோம். ‘ஒரு கடையில் காட்டினேன், பையன் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தான்’ என்று அவர் சொன்னபோது எனக்கு அடிவயிறு கலங்கியது. வீங்கின பேட்டரியை அமுக்குவது, குத்துவது, மறுபடி சார்ஜ் போடுவது மூன்றும் நெருப்போடு விளையாட்டு. அந்தப் பையன், “போர்டு போயிடுச்சு, புதுசு வாங்கிக்குங்க” என்று வேறு சொல்லி அனுப்பியிருக்கிறான். போர்டு ஒன்றும் போகவில்லை.

“நான் இதை உபயோகிக்கவே இல்லையே தம்பி. பத்திரமாத்தானே வெச்சிருந்தேன்?”

இதற்கு என்ன பதில் சொல்வது! அவர் சம்சாரம் மாடிப்படியிலிருந்தே சொன்னார்கள்: “ஒரு நாளாவது சீரியல் பார்க்க விட்டாரா கேளுங்க. நான் பார்த்திருந்தா அது பிழைச்சிருக்கும்.”

கெமிஸ்ட்ரிப்படி அந்த அம்மாள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

மறுநாள் பேத்தி என் போனில் வந்தாள். திங்கட்கிழமை டேப்லெட்டை கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனோம். பேட்டரியை மட்டும் மாற்றினார்கள். புது டேப்லெட் வாங்கும் செலவில் ஒரு சின்னப் பங்குதான் ஆயிற்று.

★

இனி, லன்ச் ரூமில் ஒட்டி வைக்கத் தோதாகச் சுருக்கமாக:

1. தினசரி உபயோகத்துக்கு இருபதுக்கும் எண்பதுக்கும் நடுவில் நடமாடுங்கள். பல டேப்லெட்களில் ‘80 சதவிகிதத்தோடு நிறுத்து’ என்கிற வசதி செட்டிங்ஸில் வந்துவிட்டது. அதை ஆன் செய்துவிட்டால் ராத்திரி செருகிவிட்டுத் தூங்கலாம். அந்த வசதி இல்லாவிட்டாலும் ‘டமார்’ ஆகாது. நிறைந்ததும் டேப்லெட்டே கரன்ட்டை நிறுத்திக்கொள்ளும். விடிய விடிய நூறிலேயே நிற்பதால் வயசுதான் கொஞ்சம் சீக்கிரம் ஏறும். ஊருக்குப் போகிற நாளில் மட்டும் நூறு வரை ஏற்றுங்கள். அதற்காகக் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

2. தலையணை மேல், மெத்தை மேல், உறைக்குள் வைத்து சார்ஜ் போடாதீர்கள். மேஜை உத்தமம். சார்ஜில் இருக்கும்போதே கேம்ஸ் ஆடுவது, இரண்டு அடுப்பில் ஒரே பாத்திரத்தை வைப்பது போல.

3. ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் இருக்கும் பெட்டி ஹெல்மெட்டுக்கும் மழைக்கோட்டுக்கும் ஆனது. மத்தியானம் பார்க்கிங்கில் அது ஒரு அடுப்பு. கார் டாஷ்போர்டும் அப்படியே.

4. மாசக்கணக்கில் தொடப் போவதில்லை என்றால் சுமார் பாதி சார்ஜில், அணைத்து, குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பாதிக்கு ஏற்றுங்கள். ஜீரோவில் தூங்க வைத்தால் எழுந்திருக்காமலே போகலாம்.

5. பிளாட்பார சார்ஜர் வேண்டாம். இந்தியத் தர நிர்ணயக் கழகத்தின் முத்திரையும் பதிவு எண்ணும் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

6. பவர் பேங்க் வாங்கும்போது கணக்குப் போடுங்கள். பத்தாயிரம் மில்லி ஆம்பியர் ஹவர் என்றால் 3.7 வோல்ட்டில் 37 வாட்-ஹவர். ஏற்றி இறக்குவதில் கணிசமாக விரயம். பெரிய டேப்லெட்டை ஒரு தடவை நிரப்பவே அது மூச்சு வாங்கும்.

7. வீங்கினால் பரிசோதனை செய்யாமல் சர்வீஸ் சென்டர். பழைய பேட்டரி குப்பைத் தொட்டிக்குப் போகக் கூடாது. 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்பச் சேகரிக்க வேண்டியது தயாரிப்பாளர் பொறுப்பு.

எட்டாவது, இளைஞர்களுக்குத் தனியாக. ஊரில் அப்பா அம்மாவுக்கு டேப்லெட் வாங்கிக் கொடுத்திருப்பீர்கள். அடுத்த தடவை போகும்போது அந்த 80 சதவிகித சமாசாரத்தை நீங்களே ஆன் செய்து கொடுங்கள். அது ஃப்ரிஜ் மேலோ, டி.வி. மேலோ இருந்தால் கீழே இறக்குங்கள். உறையைக் கழற்றுங்கள். “தேய்ஞ்சு போயிடும்பா” என்பார்கள். தேயட்டும், மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்காக அவர்கள் சேர்த்து வைக்கிற சார்ஜ் வாரம் பூராவும் வீணாகத்தான் கரைகிறது.

கூடவே புதன்கிழமையும் ஒரு தடவை கூப்பிடலாம். பேட்டரிக்கு ரொம்ப நல்லது.